காவலில் கேட்கப்படும் சம்மதம்

(பொதுச் சொற்பொழிவு ஒன்றின் எழுத்து வடிவம்)



1916-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் டெக்சாஸ் மாகாணத்தில் ராபர்ட் ஹவுஸ் என்ற மருத்துவர் ஒரு வீட்டில் பிரசவம் பார்க்கிறார். வலி தெரியாமலிருக்க ஸ்கோபோலமின் என்ற மருந்தைக் கொடுத்திருப்பதால் தாய் அரைமயக்கத்தில் கிடக்கிறார். குழந்தை பிறந்ததும் எடை பார்க்கத் தராசு கேட்கிறார் டாக்டர். கணவர் வீடெல்லாம் தேடிவிட்டுக் கிடைக்கவில்லை என்று கையை விரிக்கிறார். தூங்கிக்கொண்டிருப்பதாக எல்லோரும் நினைத்த தாய் பதில் சொல்கிறார்: சமையலறையில், படத்துக்குப் பின்னால், ஆணியில் தொங்குகிறது என்று. போய்ப் பார்த்தால் அங்கேதான் இருந்தது.

ஹவுஸுக்குப் பொறி தட்டியது. இந்த மருந்து உள்ளே போனால் மனிதனால் பொய் சொல்ல முடியாது என்று முடிவுகட்டிவிட்டார். 1922-ல் டல்லாஸ் சிறையில் இரண்டு கைதிகளுக்கு இதைச் செலுத்திக் கேள்வி கேட்டார். இருவரும் தாங்கள் குற்றம் செய்யவில்லை என்றார்கள். டாக்டர் நம்பினார். ‘உண்மை மருந்து’ என்ற பேச்சு அப்படித்தான் உலகம் சுற்றக் கிளம்பியது.

ஒன்றை மட்டும் அவர் யோசிக்கவில்லை. தராசு எங்கே இருக்கிறது என்பதை மறைக்க அந்தத் தாய்க்கு ஒரு காரணமும் இல்லை. மறைக்க விரும்பாதவர் மயக்கத்தில் உண்மை பேசினார் என்பதை வைத்து, மறைக்க விரும்புகிறவரும் பேசியே தீருவார் என்று எப்படிச் சொல்வது? நூறு ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. நம் ஊர் விசாரணை அதிகாரிகளும் தொலைக்காட்சி விவாதக்காரர்களும் இன்னும் அந்த இடத்தைத் தாண்டவில்லை.

மூன்று சோதனைகளைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். முதலாவது பாலிகிராப். மார்பையும் வயிற்றையும் சுற்றிக் குழாய்கள், கையில் ரத்த அழுத்தப் பட்டை, விரல்களில் வியர்வையை அளக்கும் தகடுகள். 1921-ல் கலிபோர்னியாவின் பெர்க்லி நகரப் போலீசில் இருந்த ஜான் லார்சன் இதற்கு வடிவம் கொடுத்தார். இரண்டாவது நார்கோ. ஹவுஸின் ஸ்கோபோலமின் போய், இப்போது சோடியம் பென்டதால். மயக்க மருந்து நிபுணர் பக்கத்திலிருந்து நரம்பில் சொட்டுச் சொட்டாக ஏற்றுவார். மூன்றாவது பிரெயின் மேப்பிங். தலையில் மின்முனைகளைப் பொருத்தி மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்வது.

பாலிகிராப் எதை அளக்கிறது? மூச்சு, நாடித்துடிப்பு, வியர்வை. காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் சூட்டைச் சொல்லும், அது டைபாய்டா மலேரியாவா என்று சொல்லாது. இதுவும் அப்படித்தான். படபடப்பைக் காட்டும், அது பொய்யின் படபடப்பா, பயத்தின் படபடப்பா, அவமானத்தின் படபடப்பா என்று அதற்குத் தெரியாது. இந்தக் குறையைச் சமாளிக்க ஒரு உத்தி வைத்திருக்கிறார்கள். வழக்கைப் பற்றிய கேள்விக்கு நடுவே, ‘உன் வாழ்நாளில் எப்போதாவது எதையாவது திருடியிருக்கிறாயா?’ என்பது போன்ற பொதுக் கேள்வியைச் செருகுவார்கள். நிரபராதி இந்தப் பொதுக் கேள்விக்குத்தான் அதிகம் பதறுவான், குற்றவாளி வழக்குக் கேள்விக்குப் பதறுவான் என்பது கணக்கு. காகிதத்தில் அழகாக இருக்கிறது. ஆனால் மூன்று நாள் ஸ்டேஷனில் உட்கார்த்தி வைத்திருந்த ஒரு கட்டடத் தொழிலாளியை வேனில் ஏற்றிச் சென்னைக்குக் கொண்டுவந்து, உடம்பெல்லாம் வயர் மாட்டி, ‘நீதானே கொன்றாய்?’ என்று கேட்டால், கொல்லாதவன் எந்தக் கேள்விக்கு அதிகம் பதறுவான்? தலை போகிற கேள்வி எதுவோ அதற்குத்தான்.

மறுபக்கமும் இருக்கிறது. சோவியத் நாட்டுக்கு உளவு சொன்ன சிஐஏ அதிகாரி ஆல்ட்ரிச் ஏம்ஸ் 1986-லும் 1991-லும் பாலிகிராப் சோதனைக்கு உட்கார்ந்து, இரண்டு முறையும் தேறிவிட்டார். 1923-லேயே வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம், அறிவியல் உலகம் பொதுவாக ஏற்காத கருவியைச் சாட்சியாக ஏற்க முடியாது என்று இதன் முன்னோடியை வெளியே அனுப்பியது. 1988-ல், தனியார் நிறுவனங்கள் ஊழியர்களுக்கு இந்தச் சோதனையை வைப்பதைப் பெருமளவு தடுக்கும் சட்டத்தை அமெரிக்க நாடாளுமன்றம் கொண்டுவந்தது. கண்டுபிடித்த நாட்டிலேயே இதுதான் கதி.

நார்கோவைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. அந்த மருந்து கூச்சத்தைக் குறைக்கும், நாக்கைத் தளர்த்தும். கேட்கிறவர் எடுத்துக்கொடுப்பதை அப்படியே பிடித்துக்கொள்ளும் மனநிலையையும் அதுதான் கொண்டுவருகிறது. நினைவும் கற்பனையும் கேள்வியும் கலந்து வரும். பொய் சொல்லவும் முடியும்.

பிரெயின் மேப்பிங் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். அரசமைப்புச் சட்டக் கேள்வி அதில்தான் பச்சையாகத் தெரிகிறது. 2008-ல் புனே செஷன்ஸ் நீதிமன்றம் ஒரு கொலை வழக்கில் இளம் பெண் ஒருவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. முன்னாள் காதலருக்கு ஆர்சனிக் கலந்த பிரசாதம் கொடுத்தார் என்பது குற்றச்சாட்டு. சோதனை எப்படி நடந்தது தெரியுமா? தலையில் மின்முனைகளோடு அவர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாயே திறக்கவில்லை. ஆர்சனிக் வாங்கினேன், அவரைச் சந்தித்தேன் என்று அவரே சொல்வதுபோல் எழுதப்பட்ட வாக்கியங்கள் ஒவ்வொன்றாக ஒலித்தன. எந்த வாக்கியத்துக்கு மூளையில் ‘அனுபவ நினைவு’ எழுந்தது என்று கருவி சொன்னது. தீர்ப்பு அதையும் ஒரு தூணாக வைத்துக்கொண்டது. வெளிநாட்டுப் பத்திரிகைகள் இதை வியப்போடு எழுதின. அதே 2008-ல், பெங்களூரு நிம்ஹான்ஸ் இயக்குநர் தலைமையிலான நிபுணர் குழு, இந்த முறைக்கு அறிவியல் அடிப்படை போதாது, கைவிடலாம் என்று கருத்துச் சொல்லியிருந்தது. பிறகு மும்பை உயர் நீதிமன்றம் அந்தப் பெண்ணுக்கு ஜாமீன் தந்தது.

இனிச் சட்டத்துக்கு வருகிறேன்.

குற்றம் சாட்டப்பட்ட எவரையும் தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 20(3)-ஆவது உறுப்பு. உயிருக்கும் தனிமனிதச் சுதந்திரத்துக்கும் காவல் 21-ஆவது உறுப்பு. 1978-ல் வந்த 44-ஆவது திருத்தத்துக்குப் பிறகு இந்த 20, 21 இரண்டையும் நெருக்கடி நிலையில்கூட முடக்கிவைக்க முடியாது. நெருக்கடி நிலையில் மிசா சட்டத்தின்கீழ் ஆட்களைச் சிறைவைத்த காலம் கற்றுக்கொடுத்த பாடம் அது. மற்ற அடிப்படை உரிமைகளுக்கு இல்லாத இந்தப் பூட்டை இந்த இரண்டுக்கு மட்டும் ஏன் போட்டார்கள் என்று சட்டக் கல்லூரி மாணவர்கள் யோசித்துப் பார்க்க வேண்டும்.

ஆனால் கைரேகை எடுக்கிறார்களே, ரத்தம் எடுக்கிறார்களே, அது கட்டாயமில்லையா என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. 1961-ல் பதினொரு நீதிபதிகள் உட்கார்ந்து காதி காலு ஓகாட் வழக்கில் பதில் சொன்னார்கள். கைரேகையும் கையெழுத்து மாதிரியும் நம் உடம்பில் ஏற்கெனவே இருப்பவை; அவற்றைக் கொடுப்பதால் நாம் எதையும் சொல்லிவிடவில்லை. மனதில் இருப்பதை, நமக்கு மட்டும் தெரிந்ததை வெளியே கொண்டுவருவதுதான் சாட்சியம். இந்தக் கோட்டை மேலும் நீட்டியது 1978-ல் வந்த நந்தினி சத்பதி வழக்கு. ஒரிசாவின் முன்னாள் முதலமைச்சருக்கு விஜிலன்ஸ் போலீஸ் கேள்விகளை எழுதிக் கொடுத்தது. அவர் பதில் சொல்ல மறுத்தார். மறுத்ததற்கே வழக்குப் போட்டார்கள். நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், வாய்மூடி இருக்கும் உரிமை கோர்ட் கூண்டில் ஏறிய பிறகு பிறப்பதல்ல, போலீஸ் விசாரணையிலேயே உண்டு என்றார். அடி உதையோடு நிற்காமல், மன நெருக்கடி, சூழ்நிலை மிரட்டல், சோர்ந்து விழும்வரை துளைத்துத் துளைத்துக் கேட்பது எல்லாவற்றையும் கட்டாயத்தின் கணக்கில் சேர்த்தார்.

இவ்வளவு இருந்தும், 2000-க்குப் பிறகு உயர் நீதிமன்றங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நார்கோவுக்குப் பச்சைக்கொடி காட்டின. 2004-ல் மும்பை, 2006-ல் கேரளம். நம் சென்னை உயர் நீதிமன்றமும் 2006-ல் தினேஷ் டால்மியா வழக்கில் அனுமதித்தது. ஆய்வகத்துக்கு அழைத்துப் போவதுதான் கட்டாயம், அங்கே பேசுவது தானாகப் பேசுவது என்ற ரீதியில் வாதம் போனது. ஊசி போட்ட பிறகு ‘தானாக’ என்பதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அந்த ஆண்டுகளில் நார்கோ நடத்திய பெங்களூரு தடய அறிவியல் ஆய்வகம் ஒரு யாத்திரைத் தலம் மாதிரி ஆகிவிட்டது. முத்திரைத்தாள் மோசடித் தெல்கியின் நார்கோ வீடியோ டிவியில் ஓடியது. பாதி மயக்கத்தில் ஒரு மனிதர் குழறுவதை வீட்டு வரவேற்பறையில் குடும்பம் உட்கார்ந்து பார்த்தது. 1992-ல் கோட்டயத்தில் கிணற்றில் பிணமாகக் கிடந்த கன்னியாஸ்திரி அபயாவின் வழக்கிலும் 2007-ல் நார்கோ நடந்தது. அந்தக் காட்சிகளும் வெளியே கசிந்தன. அதே வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட ஒரு கன்னியாஸ்திரிக்கு 2008-ல் சிபிஐ கன்னித்தன்மைப் பரிசோதனை நடத்தியது. அது அரசமைப்புச் சட்டத்துக்கு விரோதம் என்று டெல்லி உயர் நீதிமன்றம் சொல்ல 2023 ஆகிவிட்டது. இரண்டையும் ஏன் சேர்த்துச் சொல்கிறேன்? காவலில் இருப்பவரின் உடம்பு விசாரணை அதிகாரியின் ஃபைலில் ஒரு பக்கம் என்ற எண்ணம்தான் இரண்டுக்கும் தாய்.

2010 மே 5 அன்று உச்ச நீதிமன்றம் செல்வி எதிர் கர்நாடக மாநிலம் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன், நீதிபதிகள் ஆர்.வி. ரவீந்திரன், ஜே.எம். பஞ்சால். சம்மதமில்லாமல் இந்த மூன்று சோதனைகளையும் யாருக்கும் நடத்தக் கூடாது என்றார்கள். குற்றம் சாட்டப்பட்டவருக்கு மட்டுமல்ல, சந்தேக வளையத்தில் இருப்பவருக்கும், தன் பதில் தன்னையே மாட்டிவிடும் என்று அஞ்சும் சாட்சிக்கும் இது பொருந்தும். ஊசியில் வரும் பேச்சும், மூளை அலையும், வியர்வைக் கோடும் மனதில் இருப்பதை வெளிக்கொணரும் சாட்சியமே, கைரேகை போன்றவை அல்ல என்றார்கள். புனே பெண் வாயே திறக்கவில்லை என்றேனே, அதற்குப் பதில் இங்கே கிடைத்தது: வாய் திறக்காமலும் ஒருவரைச் சாட்சி சொல்ல வைத்துவிடலாம்.

அரசுத் தரப்பு ஒரு வாதம் வைத்தது. அடித்து உதைப்பதைவிட இது மேல் அல்லவா, தேர்ட் டிகிரிக்கு மாற்றாக இருக்கட்டுமே என்று. நீதிமன்றம் ஏற்கவில்லை. ஏற்றிருந்தால், போலீஸ் அடிக்கும் என்பதை அரசே ஒப்புக்கொண்டு அதற்கு ஈடாக ஊசி கேட்டதாக ஆகியிருக்கும். இந்த வாதம் வெளியே சாகவில்லை. சாத்தான்குளத்தில் 2020-ல் தந்தையும் மகனும் காவலில் சிதைக்கப்பட்டு இறந்தபோதுகூட, ‘அறிவியல் விசாரணை முறை வந்தால் இதெல்லாம் நடக்காது’ என்று நல்லெண்ணத்தோடு சிலர் எழுதினார்கள். ஊரடங்கு நேரத்தில் கடை திறந்திருந்தது என்று அழைத்துப் போனவர்களிடம் கண்டறிய அங்கே என்ன பெரிய உண்மை இருந்தது?

செல்வி தீர்ப்பு ஒரு கதவை மட்டும் திறந்து வைத்தது. ஒருவர் மனமொப்பி வந்தால் சோதனை நடத்தலாம். அப்போதும் அவர் சொன்னது சாட்சியம் ஆகாது. அதை வைத்து ஒரு கத்தியோ நகையோ கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்பைச் சாட்சியச் சட்டத்தின் 27-ஆவது பிரிவின்படி ஏற்கலாம். இன்றைய பாரதிய சாட்சியச் சட்டத்தில் அது 23-ஆவது பிரிவுக்குள் போயிருக்கிறது. ஆக மொத்தப் பாரமும் சம்மதம் என்ற ஒன்றின் தலையில் ஏறிவிட்டது. இங்கேதான் எனக்கு மனம் உறுத்துகிறது.

வக்கீலான என்னிடம் வந்த கிராமத்துக் கட்சிக்காரர் ஒருவரிடம் பாலிகிராப்புக்குப் போலீஸ் சம்மதம் கேட்டிருந்தது. மாட்டேன் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு என்று எடுத்துச் சொன்னேன். அவர் என்னையே பார்த்தார். “அது சரி வக்கீல் ஐயா. மாட்டேன்னு சொன்னா, நான்தான் செஞ்சேன்னு ஆயிப்போகாதா? எங்க தெருவுல என்ன சொல்லுவாக?” சட்டப்படி அவருக்கு என்னிடம் பதில் இருந்தது. மறுப்பை வைத்து எந்த நீதிமன்றமும் பாதகமாக முடிவெடுக்கக் கூடாது என்று சொல்லலாம். அவருடைய தெருவுக்கு என்னிடம் பதில் இல்லை. மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமென்ன என்று கேட்பவர்கள்தான் அங்கே நீதிபதிகள்.

திருச்சியில் 2012 மார்ச் 29 அன்று கொல்லப்பட்ட ராமஜெயம் வழக்கைப் பாருங்கள். துப்புத் துலங்காமல் கை மாறி மாறி வந்து, சிறப்புப் புலனாய்வுக் குழு 2022-ல் பதின்மூன்று பேருக்கு உண்மை கண்டறியும் சோதனை நடத்த அனுமதி கேட்டது. பன்னிரண்டு பேர் சம்மதித்தார்கள், ஒருவர் மறுத்தார். நடுவர் முன்னால் முறைப்படி நடந்தது. 2023 ஜனவரியில் சென்னையில் சோதனை நடந்தது. முறையில் நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஏற்கெனவே போலீஸ் பதிவேட்டில் பெயர் இருக்கிறவர்களுக்கு ‘சம்மதமா?’ என்ற கேள்வி உங்களுக்கும் எனக்கும் வருவது போலவா போய்ச் சேரும்? நாளைக்கும் அதே ஸ்டேஷன் எல்லைக்குள் அவர்கள் பிழைக்க வேண்டும். அத்தனை பேரைச் சோதித்தும் வழக்கு அதனால் தீர்ந்துவிடவில்லை.

புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் இந்தச் சம்மதச் சிக்கல் இன்னும் கூர்மையாக இருந்தது. 2022 டிசம்பரில் பட்டியலினத்தவர் குடியிருப்பின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. தண்ணீரைக் குடித்தவர்கள் அந்த மக்கள். பிறகு விசாரணை அவர்கள் பக்கமே திரும்பியது. ரத்த மாதிரி கேட்டார்கள். உண்மை கண்டறியும் சோதனைக்கும் சிபிசிஐடி நீதிமன்றம் போனது. அதற்குச் சம்மதம் கிடைக்கவில்லை. 2025 ஜனவரியில் அதே குடியிருப்பைச் சேர்ந்த மூன்று இளைஞர்கள் மீது குற்றப்பத்திரிகை போடப்பட்டது. அதன் மெய்பொய்யை நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும், அதற்குள் நான் போகவில்லை. பாதிக்கப்பட்டதாகப் புகார் சொன்னவர்களிடமே ‘எந்திரத்தில் உட்காருகிறாயா?’ என்று கேட்பது எப்படிப்பட்ட கேள்வி என்பதை மட்டும் சொல்கிறேன். 2020-ல் ஹாத்ரசிலும் இதுதான் நடந்தது. கூட்டு வன்கொடுமைக்கு ஆளானதாகப் புகார் எழுந்த, பின்னர் இறந்த பெண்ணின் குடும்பத்துக்கும் நார்கோ, பாலிகிராப் நடத்தப்போவதாக உத்தரப் பிரதேச அரசு அறிவித்தது. குடும்பம் மறுத்தது. மறுத்ததும் என்ன மாதிரி விவாதங்கள் ஓடின என்பது உங்களுக்கு நினைவிருக்கும்.

ஏழைக்குத்தான் இந்தச் சோதனை என்று நான் சொல்லவில்லை. நொய்டாவில் 2008-ல் சிறுமி ஆருஷி கொல்லப்பட்ட வழக்கில் பல் மருத்துவர்களான பெற்றோருக்கும் நடந்தது, மூன்று வீட்டு வேலைக்காரர்களுக்கும் நடந்தது. வேலைக்காரர்களின் நார்கோ பேச்சு அவர்களைக் கைகாட்டுவதாகப் பத்திரிகைகளில் வந்தது. சாட்சியம் கிடைக்காமல் அவர்கள் விடுவிக்கப்பட்டார்கள். சிபிஐயின் அடுத்த குழு பெற்றோர் பக்கம் திரும்பியது. 2013-ல் தண்டனை, 2017-ல் அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் விடுதலை. இத்தனை ஊசிக்கும் வயருக்கும் பிறகு, அந்தக் குழந்தையைக் கொன்றது யார் என்ற கேள்வி போட்ட இடத்திலேயே கிடக்கிறது. முதல் நாள் காலையில் அந்த வீட்டுக்குள் ஊரே நடந்து போய்த் தடயங்களை மிதித்துவிட்டது. மொட்டை மாடிக் கதவை உடைத்துப் பார்க்க ஒரு நாள் ஆனது. அங்கே போன உண்மையை எந்த ஆய்வகம் மீட்டுத் தரும்? அறிவியல் விசாரணை என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது கையுறை, தடயத்தைச் சுற்றிக் கட்டும் நாடா, நேரத்துக்கு ஆய்வகம் போய்ச் சேரும் டிஎன்ஏ மாதிரி. இவற்றுக்கு ஆளும் பணமும் வேண்டும். நார்கோவுக்கு ஒரு அறிவிப்பு போதும். மறுநாள் தலைப்புச் செய்தி.

இப்போது புதிதாக ஒரு திருப்பம். 2025 ஜூன் 9 அன்று பீகாரிலிருந்து வந்த வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது; நீதிபதிகள் சஞ்சய் கரோல், பி.பி. வராலே. ஜாமீன் மனு விசாரணையில், குற்றம் சாட்டப்பட்ட எல்லோருக்கும் நார்கோ நடத்துவோம் என்று போலீஸ் அதிகாரி சொன்னதைப் பாட்னா உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டிருந்தது. செல்வி தீர்ப்பு வந்து பதினைந்து ஆண்டுகள் ஆகியும் இது நடக்கிறது என்பதைக் கவனியுங்கள். உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. கூடவே, நான் நிரபராதி, எனக்கு நார்கோ நடத்துங்கள் என்று குற்றம் சாட்டப்பட்டவரே கேட்டால் என்ன செய்வது என்ற கேள்விக்கும் பதில் சொன்னது. கேட்கலாம், ஆனால் கேட்டவுடன் கிடைத்தே தீர வேண்டிய உரிமை அல்ல, வழக்கின் தகுந்த கட்டத்தில் நீதிமன்றம் எல்லாவற்றையும் எடைபோட்டு முடிவு செய்யும், சோதனையின் முடிவு மட்டுமே தண்டனைக்கு ஆதாரமாகாது. எனக்கு இது சரியாகவே படுகிறது. ஒருவர் கேட்டு வாங்கினால், அடுத்த வழக்கில் கேட்காதவரைப் பார்த்து ‘அவர் கேட்டாரே, நீ ஏன் கேட்கவில்லை?’ என்பார்கள்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டங்களில் இந்தச் சோதனைகளுக்குச் சம்மதம் எப்படிப் பெறுவது என்று ஒரு வரி கிடையாது. இருப்பதெல்லாம் தேசிய மனித உரிமை ஆணையம் 2000-ல் பாலிகிராப்புக்காக வகுத்து, செல்வி தீர்ப்பு மற்ற இரண்டுக்கும் நீட்டிய நெறிமுறைகள்தான். சம்மதம் நீதித்துறை நடுவர் முன்னால் பதிவாக வேண்டும். வக்கீல் கூட இருக்க வேண்டும். உடம்புக்கு, மனதுக்கு, வழக்குக்கு என்ன விளைவு என்று போலீசும் வக்கீலும் விளக்கியிருக்க வேண்டும். அவர் எத்தனை நாள் காவலில் இருந்தார், விசாரணை எப்படி நடந்தது என்பதையும் நடுவர் கணக்கில் எடுக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் உயிர்நாடி, அதைத்தான் யாரும் கேட்பதில்லை. அச்சடித்த படிவம், கையெழுத்து, முத்திரை, அடுத்த வழக்கு.

வரப்போகும் வக்கீல்களிடம் எனக்குச் சின்ன வேண்டுகோள் உண்டு. சம்மத மனு உங்கள் கைக்கு வரும் நாளில், அரசமைப்புச் சட்டப் புத்தகத்தைத் திறப்பதற்கு முன் ரிமாண்ட் தேதியைப் பாருங்கள். அந்தக் கையெழுத்து எந்தத் தேதியில், எந்த இடத்தில் வாங்கப்பட்டது, அப்போது பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று கேளுங்கள். ஸ்டேஷனில் வாங்கியது என்று தெரிந்தால், கட்சிக்காரர் சரி என்று தலையாட்டினாலும், நடுவரிடம் தனியாகப் பேச அவருக்கு அவகாசம் கேட்டு, ஆட்சேபத்தை எழுத்தில் பதிவு செய்யுங்கள்.